சொந்த ஊர்த் தூக்கம்

— அதுனாலதான் சொல்றேன்க்கா, மெத்தையில ஒரு கொறையும் இல்ல. இன்னொரு தடவ படுத்துப் பாருங்க. செருப்ப மட்டும் கீழ விட்ருங்க.

— நான் எதுக்குப் படுக்கணும்? நேத்து ராத்திரி பூரா படுத்துப் பாத்தாச்சு தம்பி. சித்தன்னவாசல் போற ரோட்டுல, நீ சொன்ன மாதிரியே மரத்தடியாப் பாத்து வண்டிய நிப்பாட்டி, நீ சொன்ன மாதிரியே ஃபேனப் போட்டு, நீ சொன்ன மாதிரியே திரைய இழுத்துவிட்டு. எம்புள்ள விடிய விடிய கூரையவே பாத்துக்கிட்டு கெடக்கா.

— கூரை நல்லாருக்கும்ல? எல்இடி ஸ்ட்ரிப்பு நானே ஒட்டுனது.

— டேய் அன்புமொழி, அந்தம்மா லைட்டப் பத்திப் பேசல.

— சவரிண்ணே, நீங்க குஷனத் தச்சமா போனமானு இருங்க. கஸ்டமர நான் பாத்துக்குறேன்.

— ம்க்கும். கஸ்டமரு. இருக்கதே ஒண்ணு.

— இந்தா பாரு, ரெண்டு பேரும் அப்பறமா சண்ட போட்டுக்கங்க. இன்னைக்கு என்ன கெழம?

— புதன்க்கா.

— சனிக்கெழம காலையில எட்டரைக்கு மெட்ராஸ்ல எம்பொண்ணு ஹைஜம்ப் குதிக்கணும். ஸ்டேட் மீட்டு. வெள்ளிக்கெழம ராத்திரி அவ தூங்கியாகணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும். ஒன் லைட்டும் வேணாம், பொத்தான அமுக்குனா வெளிய வர்ற ஒன் டேபிளும் வேணாம்.

— டேபிள் அல்ட்டிமேட்டுக்கா அது.

— அதுல முட்டிக்கிட்டேன் ரெண்டு தடவ. போன வருஷம் இப்புடித்தான், திருநெல்வேலியில லாட்ஜுல ரூம் போட்டேன். ஏசி ரூமு. ஒரு பொட்டுத் தூங்கல. எங்க ஸ்கூல் கிரவுண்டுல அசால்ட்டாத் தாண்டுற ஒசரத்த அங்க மூணு தடவையும் தட்டிவிட்டா. நாலாவது எடம். அவளுக்கு அப்புடி ஒரு கொணம், எங்க ஊருல படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா. ஊரு எல்லையத் தாண்டுனா கண்ணு பட்டுனு முழிச்சுக்கும். டாக்டருகிட்டயும் கேட்டாச்சு, புள்ள நல்லாத்தான் இருக்கு, வெளியூரு ஒத்துக்கல, அம்புட்டுத்தான்னுட்டாரு.

— அதுக்குத்தான்க்கா நம்ம வண்டியே! வெளிய என்ன எழுதிருக்கேன்? ‘எந்த ஊருக்குப் போனாலும் சொந்த ஊர்த் தூக்கம்.’ ரீல்ஸ்ல அதப் பாத்துட்டுத்தான நீங்களே எனக்குப் போன் பண்ணீங்க.

— எழுத்தப் பாத்துப் போன் பண்ணல.

— பின்ன எதப் பாத்து?

— அத விடு. மெத்தைக்கு வா.

— சரி, மெத்தைக்கே வாரேன். சிம்பிள்க்கா. ஒண்ணொண்ணா சொல்லுங்க, ஒண்ணொண்ணா முடிச்சுத் தாரேன். நம்ம கான்செப்டே அதான். கஸ்டமர் ஒரு கம்ப்ளைண்ட் சொல்லணும், நாளைக்கு அந்தக் கம்ப்ளைண்ட் உசுரோட இருக்கக் கூடாது.

— நடுவுல பள்ளம் விழுகுது. நானும் அவளும் ரெண்டு ஓரத்துலயும் படுக்கோம், கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் நடுவுல உருண்டு வந்து முட்டிக்கிறோம். சட்டியில போட்ட எலுமிச்சம்பழமாட்டம்.

— ஃபோம் சாஃப்டா இருக்கட்டும்னு இவன்தாம்மா சொன்னான். நான் அப்பவே சொன்னேன், அமுக்குறப்ப நல்லாருக்கும், படுக்குறப்ப நல்லாருக்காதுனு.

— அண்ணே, நேத்து கஷ்டப்பட்டாங்க, இன்னைக்கு சரி பண்ணிருவோம். அடியில ரெண்டு இஞ்சு ரீபாண்டு, கெட்டி ஃபோமு, கல்லு மாதிரி நிக்கும். அதுக்கு மேல நாலு இஞ்சு நல்ல ஃபோம். இடுப்பு எறங்காது. கேரண்டி.

— ஃபோம் இருக்கு. காலையிலயே முழு சீட்டா வாங்கியாந்துட்டேன். ஆறேகால் அடி. இன்னும் வெட்டல.

— பாத்தீங்களாக்கா, எங்கண்ணே திட்டிக்கிட்டேதான் வேல பாப்பாரு. அடுத்து?

— வேக்குது. முதுகெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. திரும்பிப் படுத்தா முதுகு மெத்தையோட ஒட்டிக்கிட்டு சரக்குனு பிச்சுக்கிட்டு வருது. எந்த மகராசன் மெத்தைக்கு ரெக்சின் தச்சது?

— சவரிண்ணே, கேக்குறாங்கல்ல.

— இருவது வருசமா பஸ்ஸு சீட்டு தைக்கிறேம்மா. கை தானா ரெக்சினுக்குத்தான் போகும். கறை படிஞ்சா தொடச்சுக்கலாம்ல.

— பஸ்ஸுல உக்காரத்தான செய்வாக, படுக்கவா செய்வாக?

— கீரனூரு பஸ்ஸுல திருச்சி போற ஆளுகளப் பாத்துட்டுப் பேசுங்கம்மா. ஏறுனதும் வாயப் பொளந்துருவாக. ஒரு பய இதுவரைக்கும் எங்கிட்ட வந்து முதுகு ஒட்டுதுன்னு சொன்னதில்ல.

— சரி சரி, காட்டன் துணி போட்ருவோம். அந்த வேர்வைக்கு ரெக்சின் மட்டும் காரணமில்லக்கா. அடியில பிளைவுட்டு இருக்குல்ல, அதுக்குக் காத்து போகாது. நம்ம ஒடம்புச் சூடு கீழ எறங்கி அங்கயே தங்கிருது. பிளைவுட்ட எடுத்துட்டு ரீப்பர் கட்ட அடிச்சுருவோம். கட்டைக்குக் கட்ட ரெண்டு விரல் இடைவெளி. கயித்துக் கட்டுல்ல படுத்த மாதிரி ஜிலுஜிலுனு இருக்கும். அடுத்து?

— வண்டி ஆடுது. நான் திரும்பிப் படுத்தா அவ எந்திரிச்சுருவா. லாரி ஒண்ணு கடந்து போனா ரெண்டு பேரும் எந்திரிச்சுருவோம்.

— ஸ்பிரிங் பட்டைமேல நிக்கிற வண்டி, ஆடத்தான் செய்யும். நாலு மூலையிலயும் ஜாக்கி குடுத்துத் தூக்கி நிப்பாட்டிட்டா வீடு மாதிரி நிக்கும். ஜாக்கி தாரேன், எப்புடிப் போடணும்னு சொல்லியும் தாரேன்.

— எனக்கு நீ சொல்லித் தாரியா? பன்னெண்டு வருஷமா பால் வண்டி ஓட்டுறேன். ஆலங்குடிப் பக்கம் வந்து பால்கார பிரகதாம்பா எங்கனு கேட்டுப் பாரு. டயரு பஞ்சரானா பால் திரியறதுக்குள்ள மாட்டிட்டுப் போவேன்.

— ஐயய்யோ, தெரியாமச் சொல்லிட்டேன்க்கா.

— தெரிஞ்சுக்க. இப்ப பெரிய விசயத்துக்கு வாரேன். இந்தக் கயித்தப் புடி.

— இது என்னக்கா, துணி காயப்போடுற கயிறா?

— எம்புள்ள. இந்த முடிச்சு உள்ளங்கால், அந்த முடிச்சு உச்சந்தலை. காலையில அவள நிக்கவச்சு அளந்து வெட்டுனேன். கட்டுல்ல போட்டுப் பாரு.

— இழுத்துப் புடிடா அன்பு. தொங்கவிட்டா எல்லாப் புள்ளையும் குட்டையாத்தான் தெரியும்.

— இழுத்துத்தான்ணே புடிக்கிறேன். ஒரு சாண் மிஞ்சுது.

— மிஞ்சுதா? மிஞ்சுற அந்த ஒரு சாணு காலத்தான் எம்புள்ள விடிய விடிய எங்கிட்டு வைக்கிறதுன்னு தேடிக்கிட்டு இருந்தா. பதிமூணு வயசு, இப்பவே அஞ்சேமுக்கால். நீ கட்டுல வண்டிக்குக் குறுக்கப் போட்டுருக்க. இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு அம்புட்டுத்தான் எடம்.

— நீங்க அன்னைக்கு தனியா வந்தீங்களாக்கா. ஒங்க ஒசரத்த மனசுல வச்சு பண்ணிட்டேன். ஒங்க பொண்ணு பனைமரமாட்டம் வளந்துருக்கும்னு யாரு கண்டா?

— ஹைஜம்ப்புனு சொன்னேன்ல, கேரம்போர்டுனா சொன்னேன்? கட்டுல நீளவாக்குல போடு. இந்த எடது பக்கச் சுவத்தோட ஒட்டி. தல டிரைவரு பக்கம், காலு பின்கதவுப் பக்கம். அந்த அலமாரியக் கழட்டிட்டா எடம் தாராளமாக் கெடக்கு.

— அலமாரி... அது வந்து... அது முடியாதுக்கா.

— ஏன் முடியாது?

— ஸ்டோரேஜுக்கா. துணிமணி, பாத்திரம்...

— எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கட்டப்பை போதும்.

— பேலன்ஸு. அந்தப் பக்கம் வெயிட்டு இல்லேன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

— நான் வேணா அந்தப் பக்கம் சாஞ்சு ஒக்காந்து ஓட்டுறேன். அடுத்தது சொல்லு.

— வாஸ்துக்கா. நீளமாப் போட்டா வடக்க தல வச்ச மாதிரி ஆயிரும்.

— எலே, இது வண்டிடா. மெட்ராஸு போறப்ப வடக்கனா, திரும்பி வாரப்ப தெக்கு. வளைவுல திரும்புறப்ப எம்புள்ள எங்கிட்டுத் தல வைக்கும்?

— அதக் கேளுங்கம்மா. நானும் பத்து நாளா அதத்தான் கேக்குறேன், கட்டுல ஏன்டா குறுக்கப் போட்டேனு.

— அண்ணே!

— இருங்க, போன் அடிக்குது. பீட்டி சாரு. ...சொல்லுங்க சார். ஆமா சார். ஒரிஜினலா? ஜெராக்ஸ் போதும்னாங்களே... வண்டியிலதான் ஃபைலு இருக்கு, பாத்துச் சொல்றேன் சார்... தம்பி, வெளிய போயிட்டு வாரேன். வாரதுக்குள்ள அந்த அலமாரியக் கழட்டி வையி.

— போயிருச்சு. இப்பச் சொல்லுடா.

— மெதுவாப் பேசுங்கண்ணே. அந்தப் பொண்ணு வேப்பமரத்தடியில நிக்குது.

— அது காதுல மாட்டிக்கிட்டு ஒத்தக் கால்ல குதிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு ஒண்ணும் கேக்காது. அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிரு.

— எப்புடிண்ணே சொல்றது? ‘அக்கா, நீங்க தூங்க வந்த வண்டி ஆம்புலன்ஸு. எட்டு வருஷம் சைரன் அடிச்சுக்கிட்டு ஓடுன வண்டி. அதுக்கப்புறம் டிரஸ்ட்டுக்காரங்க ஷெட்டுல கெடந்துச்சு, ஏலத்துல எடுத்தேன்’னா? அடுத்த நிமிஷம் பொண்ணக் கையில புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க.

— போனாப் போகட்டும்.

— எனக்காகச் சொல்லலண்ணே. அந்தப் புள்ள ஏற்கனவே தூங்காது. இதுல எத்தன பேரு அலறிக்கிட்டுப் படுத்துருந்தாங்க, எத்தன பேரு கண்ண மூடுனாங்கனு அது நெனைக்க ஆரம்பிச்சுட்டா வெள்ளிக்கெழம என்ன ஆகும்? சனிக்கெழம எப்புடிக் குதிக்கும்?

— நீ அலமாரிய வச்சு மறைச்சதுனாலதான் கட்டுலு குறுக்கப் போச்சு. கட்டுலு குறுக்கப் போனதுனாலதான் அந்தப் புள்ளைக்குக் காலு நீட்ட முடியல. பேய்க்குப் பயந்தாடா அது முழிச்சுக் கெடந்துச்சு? ஒன் அலமாரியாலடா.

— அலமாரிக்குப் பின்னாடி என்ன இருக்குனு ஒங்களுக்குத் தெரியும்ல. ஆக்சிஜன் குழா வந்த ஓட்ட. மருந்து பாட்டிலு தொங்கவிடுற கம்பி. அந்தக் கம்பியக் கழட்டிரலாம்னு எம்புட்டோ பாத்தேன், சட்டத்தோட சேத்து வெல்டு வச்சுருக்கான். வளஞ்சு வேற கெடக்கு. சுத்தியல வச்சு அடிச்சும் நிமிரல. கீழ ஸ்ட்ரெச்சரு ஓடுற ரெண்டு இரும்புச் சட்டம். பாத்ததும் எவனும் கண்டுபுடிச்சுருவான்.

— அந்தம்மா பாத்தா கண்டுபுடிக்காத ஆளு மாதிரியா தெரியுது ஒனக்கு? இன்னொண்ணு யோசிச்சியா? திருச்சியில பளபளனு எத்தன வண்டி வாடகைக்கு இருக்கு. அத்தன வண்டிய விட்டுட்டு கீரனூருக்கு வந்து இந்த டப்பா வண்டிதான் வேணும்னு ஏன் நிக்குது?

— டப்பா வண்டியா? என் ரீல்ஸுக்கு வந்த லைக்கு எம்புட்டுனு தெரியுமா ஒங்களுக்கு?

— ஆமா ஆமா. லைக்கப் பாத்துட்டு வந்துச்சு.

— வாராங்க, வாராங்க. பேசாதீங்க.

— என்ன, அலமாரி இன்னும் அப்புடியே நிக்குது?

— டூல்ஸத் தேடிக்கிட்டு இருந்தேன்க்கா. பீட்டி சாரு என்ன சொன்னாரு?

— பர்த் சர்டிபிகேட் ஒரிஜினல் கொண்டாரச் சொல்றாரு. பதினாலு வயசுக்கு கீழனு காட்டணும்ல. இதோட இதே ரோதன. எந்த மீட்டுக்குப் போனாலும் ஒரு ஆபீசரு இந்த சர்டிபிகேட்டத் தூக்கிப் புடிச்சுப் பாப்பாரு, அப்பறம் என்னப் பாப்பாரு, ‘ஏம்மா, இந்த எடத்துல தப்பா எழுதிருக்கே, திருத்தி வாங்கலையா’ம்பாரு. பதிமூணு வருஷமா எல்லாரும் திருத்து திருத்துங்குறாங்க.

— திருத்திரலாம்ல. இ-சேவையில குடுத்தா ஈசியாப் போயிரும்க்கா.

— திருத்த மாட்டேன். தப்பில்ல அது. ரெண்டு பஞ்சாயத்துக்காரங்களும் ‘எங்க எல்ல இல்ல, அங்கிட்டுப் போ, இங்கிட்டுப் போ’னு பந்தாடுனாங்க. பாத்துக்கிட்டே இருந்த கிளார்க்கு ஒருத்தரு, ஆகுறது ஆகட்டும்மானு உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துட்டாரு. நல்ல மனுசன். சரி, அந்த ஸ்குரூ டிரைவர எடு.

— அக்கா, நீங்க எதுக்கு...

— எட்டு ஸ்குரூதான? நானே கழட்டுறேன். சவரியண்ணே, அங்கிட்டு கீழ புடிங்க, சாஞ்சுராம.

— புடிச்சுக்கிட்டேன்ம்மா. நல்லாக் கழட்டுங்க.

— அண்ணே, நீங்களுமா?

— எனக்கென்ன, புடிக்கச் சொன்னாக, புடிக்கிறேன்.

— அக்கா, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம். பின்னாடி வயரிங் இருக்கு. ஷாக் அடிக்கும்.

— பன்னெண்டு வோல்ட்டு பேட்டரியில என்னடா ஷாக்கு? ஆச்சு, ஏழு... எட்டு. இழுங்கண்ணே.

— இழுத்தாச்சு. தம்பி, ஓரமா நில்லு, காலுல விழும்.

— சுத்தமாத்தான இருக்கு செவுரு. இதப் போயி எதுக்கு மூடி வச்ச? அண்ணே, ரீப்பர் கட்டைய எடுங்க. கீழ இந்த ரெண்டு இரும்புச் சட்டத்து மேல வரிசையா வையிங்க. நான் சொல்றேன்ல, அதுபாட்டுக்கு உக்காரும்.

— அட, ஆமாம்மா. சொல்லிவச்ச மாதிரி உக்காருது. ஒரு ஆணி அடிக்க வேணாம் போல.

— ஃபோம அப்புடியே வையிங்க, வெட்டாதீங்க. ஆறேகாலடியும் வேணும் எனக்கு. இன்னும் வளருவா. எனக்கு எதுத்த சீட்டு போதும், நான் முடங்கிக்குவேன். இந்தாங்க, மேல இந்தப் போர்வைய விரிங்க. எம்புள்ளயக் கூப்புடுறேன். புவனா! ஏ புவனா! குதிச்சது போதும், வா! காதுல மாட்டுனதப் புடுங்கிட்டு வா!

— சவரிண்ணே, என்னண்ணே இது, அந்தக் கம்பியப் பாத்தும் ஒண்ணும் கேக்கல அவங்க?

— கேக்காதவுககிட்டயும் சொல்லலாம்டா. வாயிருக்குல்ல ஒனக்கு, ரீல்ஸுல கிழியக் கிழியப் பேசுறியே.

— வாடியம்மா. படு இங்க. தலைய அங்கிட்டு வையி, டிரைவரு சீட்டுப் பக்கம். ஆங். கால நீட்டு. நல்லா நீட்டு, இடிக்குதா? இடிக்கலையா? இன்னும் ஒரு சாண் மிஞ்சுதா? இருக்கட்டும், அடுத்த வருஷத்துக்கு ஆகும். சும்மா கெட, தூங்குனு நான் சொல்லல. நாங்க பேசிக்கிட்டுதான் இருப்போம்.

— நீளமாப் போட்டதும் வண்டியே பெருசாத் தெரியுதும்மா.

— இப்புடித்தான் இருக்கணும் இது. தம்பி, ஏன் மொகம் இப்புடிப் பேயறஞ்ச மாதிரி இருக்கு? ஒரு கம்ப்ளைண்டு கொறஞ்சுதுல்ல?

— அக்கா.

— சொல்லு.

— ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, பாப்பா காதுல விழ வேணாம்.

— இங்கயே சொல்லு.

— மொதல்லயே சொல்லிருக்கணும். தப்புதான். நீங்க வண்டி வேணாம்னு போயிட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துர்றேன், வெள்ளிக்கெழமைக்கு வேற நல்ல வண்டியாப் பாத்து நானே ஏற்பாடு பண்ணித் தாரேன், கேரண்டி. இது வந்துக்கா... இது டூரிஸ்ட்டு வேன் இல்ல. பள்ளிக்கூட வேனும் இல்ல. இது ஆம்புலன்ஸு.

— ம்.

— மேல நீல லைட்டு இருந்த எடத்துலதான் ஃபேன வச்சுருக்கேன். இந்த ஓட்ட ஆக்சிஜனுக்கு. நீங்க கட்ட அடுக்குனீங்களே, அது ஸ்ட்ரெச்சரு போற சட்டம். அந்தா வளஞ்சு நிக்குதே, அது மருந்து பாட்டிலு மாட்டுற கம்பி. அதெல்லாம் தெரியக் கூடாதுனுதான் அலமாரி அடிச்சேன். அலமாரி அடிச்சதுனாலதான் கட்டுலு குறுக்க. ஒங்க பொண்ணு நேத்து தூங்காம கெடந்ததுக்கு நான்தான்க்கா காரணம். திட்டுங்க.

— முடிச்சுட்டியா?

— முடிச்சுட்டேன்.

— எனக்குத் தெரியும்டா.

— தெரியுமா? எப்ப? கம்பியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சா?

— ஒனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே தெரியும். அந்தக் கம்பி நிமிராது, சுத்தியல வச்சு அடிச்சு வேஸ்ட்டு. அத வளச்சதே நான்தான்.

— நீங்களா?

— நான்தான். ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத் தொங்கிருக்கேன். பக்கத்துல ஒக்காந்திருந்த நர்சம்மா, ‘ஏய் பிரகதாம்பா, கம்பிய விடு, வண்டியே பிச்சுக்கிட்டு வந்துரும் போல’னு சத்தம் போட்டுச்சு. விடலையே நான்.

— என்னம்மா சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல. ஒங்களுக்கு என்ன ஆச்சு, ஆக்சிடெண்ட்டா?

— ஆக்சிடெண்ட்டும் இல்ல, அட்டாக்கும் இல்ல. அண்ணே, ஆம்புலன்ஸுன்னா எல்லாரும் உசுரு போறதையே ஏன் நெனைக்கிறீங்க? தம்பி, ஒன் ரீல்ஸுல மொதல்ல என்ன காட்டுன?

— மொதல்லயா? பின்பக்கத்துலேருந்து கேமரா அப்புடியே மேல வரும்க்கா. நம்பர் பிளேட்டு, அப்பறம் எழுத்து...

— நம்பர் பிளேட்டு. அதப் பாத்ததும் என் கையிலிருந்த பால் கேனக் கீழ போட்டேன். நாலு லிட்டரு போச்சு. சொசைட்டியில எல்லாரும் திரும்பிப் பாக்குறாக.

— நம்பரு எப்புடிக்கா ஞாபகம் இருக்கும்? அது ஓடுன காலத்துல இந்த மாவட்டத்துல எத்தன ஆம்புலன்ஸு...

— மறக்கவே விட மாட்டாங்க. வருஷத்துக்கு நாலு தடவ, எந்த மீட்டுக்குப் போனாலும் ஒரு ஆபீசரு அத எங்கிட்ட வாசிச்சுக் காட்டுவாரு. அந்த ஃபைல எடு. மேலாப்புல இருக்கும், பர்த் சர்டிபிகேட். லேமினேஷன் பண்ணுனது.

— இதாக்கா?

— அதான். ‘பிறந்த இடம்’னு ஒரு வரி இருக்கும் பாரு. அத மட்டும் படி. சவரியண்ணே, நீங்களும் கேளுங்க.

— குழந்தையின் பெயர் புவனேஸ்வரி... பிறந்த தேதி... ஆங், பிறந்த இடம்: ‘கீரனூர் சாலை, ஆம்புலன்ஸ் ஊர்தி, எண் TN 55...’ அக்கா... அக்கா, இது... இந்த வண்டி! சவரிண்ணே, நம்ம வண்டிண்ணே!

— ஷ்ஷ்ஷ்! கத்தாதடா தம்பி. திரும்பிப் பாரு அங்கிட்டு. புள்ள சொந்த ஊருல தூங்குது.